சரி என்று எழுதியிருந்தது

நெய்ப்பந்தம் பிடித்து நின்ற நான்கு பேரப்பிள்ளைகளில் முதலில் கத்தியது கடைக்குட்டி தனிஷா.

"தாத்தா, சுடுதூ!"

கத்திய வேகத்திலேயே பந்தத்தைக் கீழே போட்டாள். அவள் அண்ணன் அடுத்துப் போட்டான். மாமா சுரேனின் பிள்ளைகள் இரண்டும், சூடு ஏறும்வரை காத்திருப்பானேன் என்று, தாங்களும் போட்டுவிட்டன. எரிகிற துணிப்பந்துகள் கூடாரத்துச் சிமெண்டுத் தரையில் நாலா பக்கமும் உருண்டன. ஒன்று சம்பந்தியின் வேட்டிக் கரையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. யாரோ ஒரு வாளித் தண்ணீரை வீசினார்கள். அதில் பாதி நெருப்பின் மேலும் மீதி சங்கு ஊத வந்தவர் மேலும் விழுந்தது. அந்தக் கூட்டத்தில் பதறாமல் இருந்தது பெட்டிக்குள் படுத்திருந்த அஞ்சலை ஒருத்திதான்.

சதாசிவம் தன் வாழ்நாளில் எத்தனையோ கூத்து அடித்திருக்கிறார். பெண்டாட்டியின் சாவிலும் ஒன்று அடிப்போம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

பந்தத்துக்குக் குச்சி கொண்டுவர மறந்தது சடங்கு நடத்த வந்த பத்துமலை. அது வாஸ்தவம். ஆனால் குச்சி இல்லை என்றதும் பித்தளைக் குழாயை வெட்டிக் கொடுத்தது சதாசிவம். பித்தளைக்கு ஒரு முனையில் தீ வைத்தால் மறு முனை சுடும் என்பது குழம்புக் கரண்டி பிடித்த எவருக்கும் தெரியும். காலமெல்லாம் பாக்டரி பஸ்ஸின் ஸ்டியரிங் பிடித்த சதாசிவம் கரண்டி பிடித்ததில்லை.

அத்தனை அமளிக்கும் நடுவே ஒரு குழாயிலிருந்து துணி கழன்று, வெறும் குழாய் தரையில் மோதியது. ணிங் என்று ஒரு சத்தம். அது உடனே அடங்கவில்லை. ஒரு நூலைப்போல் மெலிந்து மெலிந்து, கூடாரத்தைத் தாண்டி, எதிரே நிற்கும் சுண்ணாம்பு மலைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு ராத்திரி தூங்காத சதாசிவத்துக்கு அந்தச் சத்தத்தின் பின்னாலேயே தானும் போவதுபோல் இருந்தது.

தாயின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த மகள் ஷர்மினி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். விரல் சுட்ட மகளைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தாள். எழுந்து வந்து அதை எடுத்து, கரியைப் புடவை முனையால் துடைத்தாள்.

"இது எங்கேர்ந்துப்பா எடுத்தீங்க?"

"பின்னால. அம்மா மேசையிலேர்ந்து. ஏன், என்னா அது?"

ஷர்மினி வாயைத் திறந்தாள். சுற்றிலும் சனம். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஒன்னுமில்லப்பா. சரி, விடுங்க. நீங்க போய் உக்காருங்க."

உட்காருங்க, உட்காருங்க. காலையிலிருந்து அவர் கேட்டதெல்லாம் இதுதான். கூடாரம் போட ஓர் ஆள், பெட்டிக்கு ஓர் ஆள், தேவாரத்துக்கு ஓர் ஆள், வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க சுரேனின் கூட்டாளிகள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவருக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர வேறு வேலை கிடையாது. அதனால்தான் பத்துமலை வந்து, "அலாமாக், பந்தக் குச்சிய மறந்துட்டேன் லா" என்று தலையில் கை வைத்தபோது, சதாசிவம் லாட்டரி விழுந்தவரைப்போல் எழுந்தார்.

"நான் பாத்துக்கிறேன்."

வீட்டின் பின்புறத்தில், துணி துவைக்கும் இடத்தை ஒட்டி, அஞ்சலையின் மேசை இருந்தது. பாக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மற்ற பெண்கள் கோயிலுக்குப் போனார்கள், சீரியல் பார்த்தார்கள். அஞ்சலை யூடியூப் பார்த்து உலோகக் குழாய் வெட்டக் கற்றுக்கொண்டாள். காற்றுமணி செய்வதற்கு. குழாயை இன்ன நீளத்துக்கு வெட்டித் தொங்கவிட்டால் இன்ன ஒலி வரும். நீளம் குறைந்தால் ஒலி ஏறும். வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. இதில் என்ன சந்தோஷம் என்று சதாசிவம் கேட்டதற்கு, "உங்களோட இருக்கிறதுல என்னா சந்தோஷமோ அதேதான்" என்று சொல்லியிருக்கிறாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளி இருந்த அந்தத் தாமான் குடியிருப்பில் அஞ்சலையின் காற்றுமணி தொங்காத வீடு இல்லை. எல்லாம் அலுமினியக் குழாய். கல் ஏற்றிய லோரி போனாலே அந்த வரிசை முழுக்கக் கிணுகிணுக்கும். சாவு வீடு என்று நேற்றே அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுக் காற்றுமணிகளுக்கெல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அந்த மௌனத்தில்தான் தாமானே எங்கோ தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

மேசையில் பித்தளைக் குழாய்கள் சில கிடந்தன. வலப் பக்கத்துக் குழாய்களின் மேல் ஒரு துணி மூடியிருந்தது. இடது ஓரத்தில் இரண்டு குழாய்கள் அக்கம்பக்கமாக வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, அஞ்சலையின் குண்டு எழுத்து. முதல் குழாயில் 'ச'. அடுத்ததில் 'ரி'.

சதாசிவம் படித்தார். சரி.

தமிழ் படித்த எவனும் அப்படித்தான் படிப்பான் என்று பிற்பாடு அவர் தனக்குத் தானே வாதாடினார். பெண்டாட்டி சரி என்று எழுதி வைத்திருக்கிறாள். வேலை முடிந்தது, தேவையில்லை, எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் சரி. பொருளை வீணாக்காத மனுஷி. எடுத்தார்.

வெட்டுவதற்கு அங்கே சின்னச் சக்கரம் வைத்த பைப் கட்டர் இருந்தது. குழாயைக் கவ்வ வைத்து, திருகை இறுக்கி, சுற்றிச் சுற்றி வரவேண்டும். அஞ்சலை செய்து அவர் பார்த்திருக்கிறார். "கொஞ்சம் இறுக்கி ஒரு சுத்து. அப்புறம் இன்னும் கொஞ்சம் இறுக்கி ஒரு சுத்து. குழாயும் பொண்டாட்டியும் ஒன்னுதான், அவசரப்பட்டா நசுங்கிடும்." பத்துமலை முன்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சதாசிவம் ஒரே இறுக்காக இறுக்கினார். குழாய் நசுங்கியது. சரி, இது வேலைக்காகாது என்று ரம்பத்தை எடுத்தார். தடித்த இரும்பு அறுக்கும் பெரிய பல் ரம்பம். மெல்லிய குழாயில் அது பல்லை மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. எப்படியோ இழுத்து, இழுத்து, இரண்டை நான்காக்கினார். ஒன்று நீளம், ஒன்று குட்டை, முனையெல்லாம் நாய் கடித்த கரும்புபோல். இருந்தாலும் நான்கு பேருக்கு நான்கு. அந்த நிமிடத்தில், இரண்டு நாளில் முதல் முறையாக, தான் எதற்கோ உபயோகப்பட்டதுபோல் இருந்தது.

அந்த நிமிடம் அவ்வளவுதான் நீடித்தது.

பிள்ளைகளின் விரல்களில் பற்பசை தடவி, பத்துமலை எங்கிருந்தோ ஒடித்து வந்த குச்சிகளில் மறுபடி பந்தம் கட்டி, பெட்டியைத் தூக்கினார்கள். நான்கு துண்டுக் குழாய்களையும் குப்பையில் போட மனம் வராமல் சதாசிவம் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். அது தப்பு என்று வண்டிக்குப் பின்னால் நடந்தபோதுதான் தெரிந்தது. அவர் எட்டு வைக்க, பைக்குள் ஒரு கிணுங். மறு எட்டுக்கு மறு கிணுங். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாக நடந்தால் மெதுவாகக் கிணுங்கியது. பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வயிற்றுவலிக்காரனைப்போல் நடந்து போய்ச் சேர்ந்தார்.

தகன மேடையிலிருந்து திரும்பும் வழியில் காரில் சுரேனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜோகூரில் வேலை பார்க்கும் மகன், நேற்றைய பயணத்தின் அசதியில் கண் சிவந்திருந்தான். மலைகள் பனிமூட்டத்தில் அடியில்லாமல் மிதந்தன. கார் சாலைச் சந்திப்பில் ஒரு ரவுண்டபோட்டைச் சுற்றியது. கொஞ்சம் இறுக்கி ஒரு சுத்து, என்றாள் அஞ்சலை. அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"சுரேன். அந்தக் குழாய் விசயம். அம்மா எதுக்கோ வச்சிருந்தாளோ?"

"விடுங்கப்பா. ஆன்லைன்ல பித்தளைக் குழாய் கெடைக்கும். ஆர்டர் பண்ணிடலாம்."

"அது இல்லடா. நான் செஞ்சது தப்பா?"

"அதெல்லாம் ஒன்னுமில்லப்பா."

சோதித்துப் பார்க்கலாம் என்று சதாசிவத்துக்குத் தோன்றியது.

"நாளைக்கு நான் லண்டனுக்குப் போலாம்னு இருக்கேன்."

"சரிப்பா, போலாம்," என்றான் சுரேன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேற்று முதல் யாரும் தன்னை மறுத்துப் பேசவே இல்லை. இனிமேலும் பேசப் போவதில்லை. அஞ்சலையிடம் ஒன்று கேட்டால் ஒன்று வரும். தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்து எப்படி இருக்கு என்றால், "செத்த எலி மாதிரி இருக்கு" என்பாள். பித்தளை வாங்கி வரச் சொன்னபோது அவர் ஈப்போவில் ஒரு சீனர் கடைக்குப் போய், மலாயில் தெம்பாகா, அதாவது செம்பு, என்று கேட்டு, கட்டாகச் செம்புக் குழாய் வாங்கி வந்து நின்றார். எப்படி என் சாமர்த்தியம் என்றார். அவள் ஒன்றைத் தொங்கவிட்டுத் தட்டிக் காட்டினாள். டொக். "நான் கேட்டது பித்தளை. நீங்க வாங்கினது செம்பு. நாலு மொழி பேசுறீங்க, நாலும் தப்பு." வலிக்கும். ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். இப்போது எல்லாரும் அவரைப் பஞ்சில் வைத்துப் பொட்டலம் கட்டியதுபோல் பேசினார்கள். பஞ்சுக்குள்ளிருந்து ஒன்றுமே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தலை முழுகியதும் பின்னால் போனார். மேசை மேல் கிடந்த துணியை எடுத்தார். அதன் கீழ் இன்னும் மூன்று குழாய்கள், படிப்படியாக நீளம் குறைந்து. மூன்றிலும் டேப். க. ப. த.

கபத என்று தமிழில் ஒரு சொல் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தார். ச, ரி, க, ப, த. ஷர்மினி சின்ன வயதில் கோயில் பாட்டு வகுப்புக்குப் போய் வந்து கூடத்தில் இழுத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இவர் கூடவே ஒரு தடவை பாடப் போக, "மாடு பால் தராது, நிறுத்துங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

சுவர் ஆணியில், ஐந்து துளை போட்ட வட்டப் பலகை ஒன்று நூலோடு தயாராகத் தொங்கியது.

மறுநாள் காலை, சாம்பலை எடுத்துக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது, சிம்பாங் பூலாய் கடைத்தெருவில் இறக்கிவிடச் சொன்னார். சுரேன், "சரிப்பா," என்றான். லண்டனுக்கே சரி சொன்னவன் கடைத்தெருவுக்கா மறுப்பான்.

அபுபக்கரின் இரும்புச் சாமான் கடையில்தான், அந்தச் செம்பு விவகாரத்துக்குப் பிறகு, அஞ்சலை நேரே போய்க் குழாய் வாங்கினாள். அவரைக் கண்டதும் அபுபக்கர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"அண்ணே. கேள்விப்பட்டேன். நேத்து வர முடியல, மன்னிச்சுக்குங்க. உக்காருங்க. டேய், அண்ணனுக்கு ஒரு தே ஓ சொல்லு."

சதாசிவம் உட்காரவில்லை, கறுப்புத் தேநீருக்கும் காத்திருக்கவில்லை. நான்கு துண்டுகளையும் எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். அபுபக்கர் ஒன்றைக் கையிலெடுத்து, நசுங்கிய இடத்தைத் தடவி, பல் பல்லாக நின்ற முனையைப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் மருத்துவர் முகம் ஆனது.

"அக்கா வெட்டினதில்ல இது."

"நான் வெட்டினது."

"ஓ," என்றார் அபுபக்கர். துண்டை மெல்லக் கீழே வைத்தார். "அக்கா பைப் கட்டர் போட்டா முனையில கை வச்சுப் பாக்கலாம். உள் பிசிரக்கூட எடுத்துடுவாங்க. இந்த அஞ்சு குழாய்க்குன்னு தனியா சொல்லி வரவழைச்சாங்கண்ணே. விக்கிறதுக்கு இல்ல, வீட்டுக்குன்னாங்க."

"இத ஒட்ட முடியுமா?"

"ஒட்டலாமே. ஈயம் வச்சுப் பத்த வைக்கலாம். இல்லாட்டி உள்ள ஒரு கம்பிய விட்டு..."

"ஒட்டினா பழைய சத்தம் வருமா?"

அபுபக்கர் கடைக்கு வெளியே பார்த்தார். ஒரு கல் லோரி தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அது போய், தூசி அடங்கி, மலை மறுபடி தெரியும்வரை பார்த்தார்.

"பாக்கலாம்ணே," என்றார்.

பாக்கலாம் என்றால் என்ன பொருள் என்று சதாசிவத்துக்குத் தெரியாதா? சம்பள உயர்வு கேட்டபோது முதலாளி சொன்னது, பெண் கேட்டுப் போனபோது மாமனார் முதலில் சொன்னது, எல்லாம் அதே பாக்கலாம்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லேன், அபு."

"மனசப் போட்டு அலட்டிக்காதீங்கண்ணே. தே ஓ ஆறுது பாருங்க."

சாயங்காலம் சனம் எல்லாம் போய்விட்டது. சுரேன் பிள்ளைகளோடு மாடியில் தூங்கிவிட்டான். மேகம் இறங்கி மலைகளின் தலையை மூடியது. வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, பகலா மாலையா என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில் நின்றது. சதாசிவம் அஞ்சலையின் மேசைக்கு முன் உட்கார்ந்து ஐந்து குழாய்களையும் முறையாக அடுக்கிப் பார்த்தார். இரண்டு துண்டு சேர்த்து ஒரு ச. இரண்டு துண்டு சேர்த்து ஒரு ரி. முழுசாக க, ப, த. த-வை நூலில் பிடித்து மரக் கரண்டியால் தட்டினார். அது பாடியது. ப-வைத் தட்டினார். அதுவும் பாடியது. இவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. ஆனாலும் கேட்க இதமாக இருந்தது. சத்தம் போய் முடியும் இடம் எது என்று காதால் தேடினார். எப்போது நின்றது என்று பிடிக்க முடியவில்லை.

ஷர்மினி துவைத்த துணிகளைக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தாள். அவரைப் பார்த்துவிட்டு, காலியான பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"உன் காதுதான் நல்ல காது," என்றார் சதாசிவம். "இது என்னா, அது என்னா, எனக்குச் சொல்லு பாப்போம்." மறுபடி தட்டினார்.

"அது த. அது ப."

"பாத்தியா. நான் ரெண்டும் டிங்குன்னு நெனச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த டேப் ஒட்டிய துண்டை எடுத்தாள். பின்புறம் கரியாக இருந்தது. விரலால் தேய்த்தாள்.

"பாட்டுக்காரி வீட்டுல பாட்டுத் தெரியாதவன் செஞ்ச வேலை," என்றார் சதாசிவம். "கோர்ட்டுக்குப் போனாலும் வுட்டுருவாங்க. ச, ரின்னு எழுதினா எவன் சரின்னு படிக்க மாட்டான்? நடுவுல ஒரு கமா போட்டிருக்கணும் உங்கம்மா."

"சரிப்பா. விடுங்க."

சதாசிவம் மரக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நேத்துலேர்ந்து எல்லாரும் விடுங்க விடுங்கங்கிறீங்க. உன் தம்பி ஆன்லைன்லங்கிறான். அபு தே ஓ குடிங்கங்கிறான். உங்கம்மா இருந்தா இந்நேரம் என்னைய நார் நாரா கிழிச்சிருப்பா. கிழிச்சாதான் எனக்குத் தூக்கம் வரும் போலிருக்கு." அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இந்த வேடிக்கை கீடிக்கை ஒன்னும் இல்லாமக் கேக்குறேன். நீ ஒருத்தியாவது சொல்லு, ஷர்மினி. நான் கெடுத்துட்டேனா?"

அவள் துண்டை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தாள். முனைகள் பொருந்தவில்லை. திருப்பி வைத்தாள். அப்படியும் பொருந்தவில்லை.

"ஆமா," என்றாள். "கெடுத்துட்டீங்க."

குரலை உயர்த்தவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒட்டவும் முடியாது. வேற வாங்கி வெட்டினா அது வேற. இந்த ச-வுக்கு அம்மா எத்தன தடவ போன் போட்டாங்க தெரியுமா? ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்பேன், இங்கேர்ந்து டிங்கு டிங்குனு தட்டி, எறங்குதா ஏறுதா சொல்லு பாப்பாம்பாங்க. எறங்குதும்மான்னா அரம் போட்டு ஒரு மயிரளவு ராவிட்டு மறுபடி. கை நடுங்க ஆரம்பிச்ச பெறவுதான் ரி-யே வெட்டினாங்க. நேர் பாதியா வெட்டினாக்கூட ச ச-வாவே நிக்கும்ப்பா, மேல் ஸ்தாயில கேக்கும், அவ்ளோதான். அம்மாவே வெட்டிப் பாத்துச் சொன்னது. நீங்க பாதியாக்கூட வெட்டல. இது பெருசு, இது சின்னது. ஒரு அளவுகோல எடுத்து வைக்கிறதுக்கு என்னா? என்னைய ஒரு வார்த்த கேக்குறதுக்கு என்னா? நாலடி தள்ளித்தானே உக்காந்திருந்தேன்?"

சதாசிவம் நான்கு துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. முதலில் தகரத்தில், பிறகு முற்றத்தில், பிறகு எங்கும். கொடியில் கிடந்த வேட்டிகளும் புடவைகளும் ஒவ்வொன்றாகக் கனத்துத் தாழ்ந்தன. எடுக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. இருவரும் எழவில்லை.